சர்வருக்குச் சுமை தருவது செயலியா, உலாவியா?

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவியர் சார்பில்)

அறிவியல் வளர்ச்சியால் உலகம் உள்ளங்கையில் அடங்கிவிட்டது என்று மேடைதோறும் பேசக் கேட்கிறோம். அவ்வாறு அடங்கிய உலகம் சென்ற மே மாதத்தில் ஒரு காலைப்பொழுது முழுவதும் அசையாமல் நின்றுவிட்டதை நாங்கள் கண்ணாரக் கண்டோம். அன்று பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகும் நாள். எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் அக்காள் தேர்வு எழுதியிருந்தார். அவர்கள் வீட்டில் நாங்கள் நால்வர் கூடியிருந்தோம். அறிவித்த நேரம் வந்ததும் முடிவுகளுக்கான பக்கத்தைத் திறந்தோம். வெள்ளைத் திரையில் ஒரு சிறு வட்டம் சுழன்றதே தவிர வேறெதுவும் வரவில்லை.

“பிரௌசரில் போனால் இப்படித்தான். அதுதான் சர்வரைத் திணற வைக்கிறது. ஆப்பைப் போட்டுப் பார்” என்றார் தோழியின் மாமா. “ஆப் எல்லாம் வீண் பாரம், பிரௌசரே லேசு” என்றார் எதிர்வீட்டு அண்ணன். மாமா சொன்னபடி இரண்டு கைபேசிகளில் செயலியை இறக்கினார்கள். அண்ணன் சொன்னபடி மற்ற மூன்றில் உலாவியை மீண்டும் மீண்டும் புதுப்பித்தார்கள். ஐந்து கைபேசிகளிலும் அதே வட்டமே சுழன்றது. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் அக்காள் அறையின் மூலையில் உட்கார்ந்திருந்தார். கடைசியில் பதினொன்றரை மணிக்குப் பள்ளியிலிருந்து வந்த தொலைபேசி அழைப்பில்தான் மதிப்பெண் தெரிந்தது. நல்ல மதிப்பெண்ணே. ஆயினும் மாமாவுக்கும் அண்ணனுக்கும் இடையே எழுந்த வழக்கு தீரவில்லை. ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் அதை அறிவியல் மன்றத்துக்குக் கொண்டுவந்தோம். கணினி கற்பிக்கும் சிஸ்டர், “யார் சொன்னது சரி என்று நீங்களே கண்டுபிடியுங்கள்” என்று எங்களிடமே விட்டுவிட்டார். அதன் விளைவே இக்கட்டுரை.

முதலில் சர்வர் என்பது யாது? கேட்டவர்க்குக் கேட்டதைக் கொடுக்கும் கணினி, அவ்வளவுதான். 1990-ஆம் ஆண்டின் இறுதியில் ஜெனீவா நகருக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வு நிலையத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ என்னும் அறிஞர் உலகின் முதல் வலைத்தள சர்வரையும் முதல் உலாவியையும் உருவாக்கினார். நெக்ஸ்ட் என்னும் கறுப்பு நிறக் கணினியே அந்தச் சர்வர். இது சர்வர், இதை அணைத்துவிடாதீர்கள் என்னும் பொருள்பட ஒரு சீட்டில் சிவப்பு மையால் எழுதி அதன்மீது ஒட்டியிருந்தார்கள். ஒருவர் தெரியாமல் விசையை அணைத்தால் உலகத்தின் வலைத்தளம் முழுவதும் அணைந்துவிடும் காலம் அது! இன்று சர்வர்கள் பெரிய கட்டடங்களில் ஆயிரக்கணக்கில் அடுக்கப்பட்டிருக்கின்றன. ஆயினும் வேலை மாறவில்லை. கேள்வி வரும், பதில் போகும்.

உலாவி கேட்கும் முறையும் செயலி கேட்கும் முறையும் வேறு வேறு. உலாவி ஒரு பக்கத்தைத் திறக்கும்போது முதலில் எச்.டி.எம்.எல். என்னும் சட்டகத்தைக் கேட்டு வாங்குகிறது. அதைப் படித்துப் பார்த்து, நிறமும் எழுத்துவடிவமும் கூறும் கோப்பு, படங்கள், பக்கத்தை இயக்கும் நிரல்கள் என்று ஒவ்வொன்றாக மேலும் கேட்கிறது. இன்றைய வலைப்பக்கம் ஒன்றின் எடை சராசரியாக 2 எம்.பி.க்கும் மேல். செயலியோ தன் சட்டகத்தையும் நிறத்தையும் பொத்தான்களையும் முன்கூட்டியே கைபேசிக்குள் கொண்டுவந்துவிடுகிறது. அவற்றை இறக்கித் தரும் சுமையும் ஆப்பிள், கூகுள் நிறுவனங்களின் கடைகளைச் சார்ந்தது. பள்ளியின் சர்வருக்கோ தேர்வுத் துறையின் சர்வருக்கோ அதில் வேலையில்லை. பிறகு செயலி கேட்பதெல்லாம் ‘இந்த எண்ணுக்கு என்ன மதிப்பெண்?’ என்ற ஒரே கேள்வி. பதில் ஜேசன் என்னும் வடிவில் சில வரிகளில் வந்துவிடும். இதைப் படித்ததும் மாமாவே வென்றார் என்று முடிவுகட்டிவிட்டோம்.

“அவசரப்படாதீர்கள், நடித்துப் பாருங்கள்” என்றார் சிஸ்டர்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை கீழ்த்தளத் தாழ்வாரத்தில் நடித்துப் பார்த்தோம். ஒருத்தி சர்வராக மேசைமுன் அமர்ந்தாள். அவளிடம் நாங்களே கற்பனையாக எழுதிய மதிப்பெண் பதிவேடு ஒன்று. பெயர்கள் வரிசை மாறிக் கிடந்தன. பன்னிரண்டு பேர் உலாவிகள், பன்னிரண்டு பேர் செயலிகள். உலாவி ஒவ்வொருத்தியும் சட்டகத் தாள், வண்ணத் தாள், படத் தாள், நிரல் தாள், மதிப்பெண் சீட்டு என்று ஐந்து முறை கேட்கவேண்டும். செயலிகளின் கையில் முதல் நான்கும் முன்பே கொடுக்கப்பட்டிருந்தன. அவர்கள் மதிப்பெண்ணை மட்டும் கேட்டால் போதும். கணக்கு எளிது. உலாவிகளால் 60 கேள்விகள், செயலிகளால் 12.

முதல் சுற்று முடிந்ததும் சர்வராக இருந்தவள் கூறியதே எங்களுக்குக் கிடைத்த முதல் பாடம். “படத் தாளைக் கொடுப்பதா கஷ்டம்? அடுக்கி வைத்ததிலிருந்து எடுத்து நீட்டினேன், கை வலித்தது, அவ்வளவுதான். பதிவேட்டில் எண்ணைத் தேடுவதற்குள்தான் உயிர் போய்விட்டது. அதில் உலாவிக்காரியும் செயலிக்காரியும் எனக்கு ஒன்றுதான்” என்றாள்.

அவள் கூறியது முற்றிலும் உண்மை என்பதைப் பிறகு படித்தறிந்தோம். சர்வரின் சுமை பலவகைப்படும். பெரிய கோப்புகளை அனுப்புவது ஒரு சுமை. ஒரே சமயத்தில் பல இணைப்புகளைத் திறந்து வைத்திருப்பது மற்றொரு சுமை. தரவுத்தளத்தில் தேடி, கணக்கிட்டு, விடை காண்பது இன்னொரு சுமை. படங்கள் கனமானவையே, ஆனால் அவை எல்லோர்க்கும் பொதுவானவை. எனவே அவற்றைப் பல ஊர்களில் உள்ள துணைச் சர்வர்களில் நகலெடுத்து வைத்துவிடலாம். 1998-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட அகமாய் நிறுவனத்தின் தொழிலே இதுதான். மதிப்பெண்ணைத் தேடும் கேள்வியோ சிறியது, ஆனால் ஆளுக்கு ஆள் வேறானது. பதில் சிறிது என்பதால் வேலையும் சிறிது என்று நாங்கள் எண்ணியது தவறு.

இரண்டாம் சுற்றில் உலாவிகளின் கையில் முன்பு வாங்கிய தாள்கள் இருந்தன. உண்மையான உலாவியும் அப்படித்தான். ஒருமுறை வாங்கிய படத்தையும் வண்ணக் கோப்பையும் கேஷ் என்னும் தற்காலிகச் சேமிப்பில் வைத்துக்கொள்கிறது. குறித்த காலம்வரை சர்வரைக் கேட்பதே இல்லை. காலம் கடந்தால், ‘என்னிடம் உள்ளது மாறிவிட்டதா?’ என்று மட்டும் கேட்கும். மாறவில்லையென்றால் சர்வர் 304 என்னும் எண்ணைச் சொல்லி அனுப்பிவிடும். படத்தை மீண்டும் அனுப்பாது. எங்கள் விளையாட்டில் தாள்களின் காலம் கடக்கவில்லை என்று வைத்துக்கொண்டதால், இரண்டாம் சுற்றில் உலாவிகளும் 12 கேள்விகளே கேட்டனர். செயலிகளும் 12. வழக்குச் சமமாகிவிட்டது.

மூன்றாம் சுற்றுதான் எல்லோரையும் சிரிக்கவைத்து, பின்பு சிந்திக்கவும் வைத்தது. செயலிகளில் பல, நாம் திறக்காவிட்டாலும் பின்னணியில் இருந்துகொண்டு ‘புதிதாக ஏதேனும் உண்டா?’ என்று சர்வரைக் கேட்டுக்கொண்டே இருக்கக்கூடியவை. ஆகவே செயலிகள் பன்னிருவரும் இருபது எண்ணும்போதெல்லாம் ஒருமுறை போய்க் கேட்கவேண்டும் என்றும், உலாவிகள் தாம் விரும்பினால் மட்டும் கேட்கலாம் என்றும் விதி வகுத்தோம். உலாவிகள் சிலர் இருமுறை கேட்டுவிட்டு மாமரத்தடியில் உட்கார்ந்துவிட்டனர். செயலிகளோ ஐந்து நிமிடத்தில் ஆளுக்குப் பதினைந்து முறை, ஆக 180 முறை மேசையை முற்றுகையிட்டிருக்க வேண்டும். அது நடக்கவில்லை. மூன்றாம் நிமிடத்திலேயே சர்வர் பதிவேட்டை மூடிவிட்டு எழுந்து போய்விட்டாள்! அத்தனை பேரும் ஒரே சமயத்தில் எண்ணத் தொடங்கியதால் ஒரே சமயத்தில் வந்து நின்றதே காரணம். பன்னிரண்டு கேள்விகள் ஒவ்வொன்றாக வந்திருந்தால் அவளால் சமாளித்திருக்க முடியும்.

இதற்கு மருந்து உண்டா என்று கேட்டபோது சிஸ்டர் ஹவாய்த் தீவுகளைப் பற்றிக் கூறினார். அங்குள்ள பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் என்பவரின் குழு 1971-இல் அலோகா என்னும் வானொலிக் கணினி வலையை இயக்கத் தொடங்கியது. இரு நிலையங்கள் ஒரே நேரத்தில் பேசினால் இரண்டின் செய்தியும் கெட்டுவிடும். உடனே இரண்டும் மீண்டும் பேசினால் மறுபடியும் மோதல்தான். அதனால் ஒவ்வொன்றும் சீட்டுக் குலுக்கியதுபோல் ஏதோ ஒரு நேரம் பொறுத்துப் பேசும்படி செய்தனர். இன்று நல்ல செயலிகளும் இதையே பின்பற்றுகின்றன. பதில் வராவிட்டால் சிறிது பொறுக்கும். மறுபடியும் வராவிட்டால் இரு மடங்கு பொறுக்கும். அதற்கும் வராவிட்டால் நான்கு மடங்கு. அதனோடு தற்செயலாகச் சில நொடிகளைக் கூட்டியோ குறைத்தோ கொள்ளும். சர்வரைச் சமாதானப்படுத்தி அழைத்து வந்து இவ்விதியுடன் மீண்டும் ஆடினோம். வரிசை கலைந்தது, அவளும் முகம் சுளிக்காமல் வேலை செய்தாள். (அவளுக்குக் கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்ததும் ஒரு காரணமாக இருக்கலாம்.)

வேறொரு மருந்தும் உண்டு. செயலிகள் கேட்டுக்கொண்டே இருப்பதற்குப் பதிலாக, செய்தி வந்தவுடன் சர்வரே சொல்லியனுப்பும் முறை அது. ஆப்பிள் நிறுவனம் 2009-இல் தன் கைபேசிகளுக்கு இவ்வசதியைத் தந்தது. ஆனால் இதிலும் ஒரு சிக்கல். ‘முடிவு வந்துவிட்டது’ என்று ஒரே நொடியில் எல்லோர்க்கும் அறிவித்தால் எல்லோரும் ஒரே நொடியில் செயலியைத் திறப்பார்கள். அறிவிப்பையும் சிறுகச் சிறுகத்தான் அனுப்பவேண்டும்.

இவையெல்லாம் தாழ்வாரத்து விளையாட்டு என்று எண்ணவேண்டாம். 2016 டிசம்பரில் உண்மையாகவே இப்படி ஒன்று நடந்தது. இணையத்திலுள்ள கணினிகள் தம் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்ள நேரம் கேட்கும் சர்வர்கள் உலகெங்கும் உள்ளன. அவற்றுள் பலவற்றைத் தன்னார்வலர்கள் தம் செலவில் நடத்துகிறார்கள். அம்மாதத்தின் நடுவில் அவர்களுடைய சர்வர்களுக்குத் திடீரென்று கேள்விகள் வெள்ளமாக வந்தன. ஆராய்ந்து பார்த்ததில், ஆப்பிள் கைபேசிகளுக்கான ஸ்னாப்சாட் செயலியின் புதிய பதிப்பே காரணம் என்று தெரிந்தது. அதில் சேர்க்கப்பட்ட ஒரு துணை நிரல், ஒரு சர்வரிடம் நேரம் கேட்டால் போதும் என்னும் இடத்தில் தன் பட்டியலிலுள்ள எல்லாச் சர்வர்களிடமும் கேட்டுக்கொண்டிருந்தது. நிறுவனத்தார் தவற்றை உணர்ந்து விரைவில் திருத்தினர். அத்துடன் நேரம் சொல்லும் சர்வர்கள் சிலவற்றைத் தாமும் அளித்தனர். மணி என்ன என்பது எத்தனை சிறிய கேள்வி! கோடிக்கணக்கான கைகளிலிருந்து வந்தபோது அதுவே மலையாகிவிட்டது.

இங்கே உலாவிக்குள்ள ஓர் உயர்வையும் கூறவேண்டும். வலைப்பக்கத்தில் பிழை இருந்தால் சர்வரில் உள்ள ஒரு கோப்பைத் திருத்தினால் போதும். பெரும்பாலும் அடுத்தமுறை திறப்பவர்கள் திருத்தியதையே காண்பார்கள். செயலியைத் திருத்தினாலோ ஒவ்வொருவரும் புதிய பதிப்பை இறக்கவேண்டும். இறக்காதவர் கைபேசியில் பழைய பிழை உயிரோடு இருந்து சர்வரைத் தட்டிக்கொண்டே இருக்கும். எங்கள் வீடுகளில் புதுப்பிக்கப்படாமல் கிடக்கும் செயலிகளை எண்ணிப் பார்த்து வெட்கப்பட்டோம்.

நம் நாட்டு எடுத்துக்காட்டு ஒன்று எல்லோர்க்கும் நினைவிருக்கும். 2021 ஏப்ரல் 28 அன்று மாலை 4 மணிக்கு, 18 வயது முதல் 44 வயதுவரை உள்ளவர்கள் கொரோனாத் தடுப்பூசிக்குப் பதிவுசெய்ய கோவின் தளம் திறக்கப்பட்டது. உலாவியில் கோவின் பக்கத்தின் வழியாகவும் பதியலாம்; ஆரோக்கிய சேது, உமங் என்னும் செயலிகளின் வழியாகவும் பதியலாம். வாயில்கள் மூன்று, உள்ளே இருந்த பதிவேடு ஒன்றே. தொடக்கத்தில் நிமிடத்துக்கு 27 லட்சம் கேள்விகள் வந்ததாகவும், முதல் மூன்று மணி நேரத்தில் 38 கோடிக்கு மேல் வந்ததாகவும் அரசு அறிவித்தது. அன்று பதிவானவர்களோ 1 கோடியே 30 லட்சத்துக்குச் சற்று மேல். ஒரு பதிவுக்கு இருபதுக்கும் மேற்பட்ட கேள்விகள்! கைபேசி எண்ணைச் சரிபார்த்தல், கடவு எண், அடையாள விவரம் என்று ஒரு பதிவுக்கே பல கேள்விகள் தேவைதான். எனினும் அழுத்தியதையே மீண்டும் மீண்டும் அழுத்திய விரல்கள் அந்த மாலையில் எத்தனை இருந்திருக்கும்! தொடக்க நிமிடங்களில் பலருக்குப் பக்கம் திறக்கவில்லை. தடை நீங்கி மாலையிலேயே பதிவு தொடர்ந்தது.

அதன்பின் வேறொரு கூட்டம் வந்தது. எந்த ஊரில் எந்த மருத்துவமனையில் இடம் காலியாகிறது என்று நொடிக்கு நொடி கேட்கும் நிரல்களை இளைஞர்கள் பலர் எழுதினார்கள். அவை செயலியும் அல்ல, உலாவியும் அல்ல, உறங்காத எந்திரங்கள். மே மாதத்தில் இவற்றுக்கு வரம்பு விதிக்கப்பட்டது. ஓர் இணைய முகவரியிலிருந்து 5 நிமிடத்தில் 100 கேள்விகளே கேட்கலாம். கிடைக்கும் விவரமும் 30 நிமிடம்வரை பழையதாக இருக்கலாம். ஒருமுறை தேடிய விடையைச் சேமித்துவைத்து எல்லோர்க்கும் அதையே கொடுத்தால் பதிவேட்டைத் திறக்கும் வேலை குறையும் அன்றோ? ஆனால் தடுப்பூசி இடம் நொடியில் தீர்ந்துவிடக்கூடியது. அரை மணிக்கு முந்தைய விடையை வைத்துக்கொண்டு ஒருவர் என்ன செய்வார்? இந்த இடர்ப்பாடு தேர்வு முடிவுக்கு இல்லை. மதிப்பெண் ஒருமுறை வெளியானால் அன்று முழுவதும் மாறாது. ஆகவே ஒவ்வொரு மாணவிக்கும் ஒரு சிறு பக்கத்தை முதல்நாள் இரவே எழுதி, பல சர்வர்களில் பத்திரமாக அடுக்கி வைத்துவிட்டால், காலையில் எடுத்து நீட்டினால் போதும். அப்போது மாமா சொன்ன வழியில் போனாலும் அண்ணன் சொன்ன வழியில் போனாலும் அக்காள் காலை உணவு உண்டிருப்பார்.

ஆகவே வழக்கில் எங்கள் தீர்ப்பு இது. இரண்டும் நன்றாக எழுதப்பட்டிருந்தால், ஒரு கேள்விக்கு ஆகும் எடையில் செயலியே இலேசானது. கேளாமல் கேட்கும் பழக்கம் இல்லாமையால், எப்போதாவது வந்துபோகிறவர்களுக்கு உலாவியே இலேசானது. நாள்தோறும் பலமுறை திறக்கும் காரியத்துக்குச் செயலி, ஆண்டில் சில முறை திறப்பதற்கு உலாவி. பதிவேட்டில் தேடும் வேலையில் இரண்டுக்கும் வேறுபாடில்லை. இத்தீர்ப்பைக் கேட்ட மாமா, “அப்படியானால் நான் பாதி வென்றேன்” என்கிறார். அண்ணனும் அதையே சொல்கிறாராம்.

இத்துடன் நிறுத்தியிருப்போம். ஆனால் இரண்டாம் பருவத்தில் தலைமையாசிரியை அருட்சகோதரி அவர்கள் எங்களை அழைத்து, சுற்றறிக்கைகளைப் பள்ளியின் வலைப்பக்கத்தில் போடுவதை விட்டுவிட்டு அதற்கென ஒரு செயலி செய்துகொள்ளலாமா என்று பெற்றோர் சிலர் கேட்பதாகக் கூறி, எங்கள் கருத்தை எழுதித் தரச் சொன்னார்கள். எங்களுக்குப் பெருமையாகவும் அச்சமாகவும் இருந்தது. கணக்குப் போட்டோம். நம் பள்ளியில் ஏறத்தாழ 1,200 மாணவியர். ஒவ்வொரு வீட்டுச் செயலியும் கால் மணிக்கு ஒருமுறை சர்வரைக் கேட்டால் நாளொன்றுக்கு 96 முறை. ஆக 1,15,200 கேள்விகள். நம் பள்ளியில் வாரத்துக்கு ஒரு சுற்றறிக்கை வருவதே அரிது! பெற்றோருக்குக் குறுஞ்செய்தி அனுப்பி, அதைக் கண்டவர் உலாவியில் பக்கத்தைத் திறந்தால் வாரத்துக்கு 1,200 முறை, இருவருமாகப் பார்த்தால் 2,400 முறை.

ஆனால் எங்களை அசைத்தது இந்தக் கணக்கன்று. ஒவ்வொருத்தியும் வீட்டில் கேட்டு வந்தபோது, ஒரு தோழி தன் தாயாரின் கைபேசியைப் பற்றிச் சொன்னாள். வீட்டில் அது ஒன்றே. இடம் நிறைந்துவிட்டதால் புதிய செயலி எதையும் ஏற்காது. எதையாவது அழித்தால் இடம் கிடைக்கும். அழிக்கக்கூடியவையாக இருப்பவை, வெளிநாட்டில் வேலைசெய்யும் அவளுடைய அப்பா மூன்று ஆண்டுகளாக அனுப்பிய படங்கள்தாம். “பள்ளிக்கூடம் சொன்னால் அம்மா அழித்துவிடுவார்கள்” என்று அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். சர்வரின் சுமையை மட்டுமே அளந்துகொண்டிருந்த நாங்கள் சற்று நேரம் பேசவில்லை.

ஒரு பெரிய துணிக்கடையே இந்தப் பாதையில் போய்த் திரும்பியிருக்கிறது என்பதையும் அறிந்தோம். மிந்த்ரா நிறுவனம் 2015 மே மாதத்தில் தன் வலைத்தளத்தை மூடிவிட்டுச் செயலியை மட்டும் வைத்துக்கொண்டது. 2016 ஜூனில் கணினிக்கான தளத்தை மீண்டும் திறந்தது. அவர்கள் நோக்கம் வாணிகம், சர்வர் சுமையன்று. ஆயினும் ஒரு வாயிலை அடைத்தால் வெளியே நிற்பவர்கள் இருப்பார்கள் என்பது அதிலிருந்தும் புலனாகிறது.

வலைப்பக்கமே போதும், ஆனால் அதன் எடையைக் குறைக்கவேண்டும் என்று இரண்டு பக்கத்தில் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தோம். தலைமையாசிரியை படித்துவிட்டு, “எடை எங்கே இருக்கிறது?” என்று கேட்டார்கள். கணினி அறையில் நம் பள்ளிப் பக்கத்தைத் திறந்து, உலாவியிலேயே உள்ள அளவிடும் கருவியால் பார்த்தோம். சுற்றறிக்கை எழுத்துகள் எல்லாம் சேர்ந்து சில கே.பி.தான். மேலே முகப்பில் விரிந்து நிற்கும் ஆண்டுவிழாப் படம் ஒன்றே மீதி எடை முழுவதும். அதைப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கும் பணி எங்கள் வகுப்பிடமே ஒப்படைக்கப்பட்டுள்ளது. அந்தப் படத்தில் இரண்டாம் வரிசையில் நிற்பவர்கள் நாங்கள்தாம். சுருக்கிய பிறகு யார் முகம் யாருடையது என்று அடையாளம் தெரியுமா என்பதே இப்போது எங்கள் கவலை.